பேச்சியக்கா பார்த்த ராப்பர்ஸ்வில்

1

இந்த ஊருக்கு நான் வந்து இந்த மாதத்தோடு பதினாறு வருஷம். எனக்கு ஞாபகமில்லை. காலையில் காபியை நீட்டிக்கொண்டே விஜயாதான் சொன்னாள்: "இன்னைக்குத்தான் நீங்க ராஜபாளையத்துல பஸ் ஏறுன நாள். நான் நின்னு அழுதுக்கிட்டிருக்கேன், நீங்க ஜன்னல மூடிட்டீங்க."

பதினாறு வருஷமாக அந்த ஜன்னலை அவள் மன்னிக்கவில்லை. மழை பெய்தது என்று நானும் விடாமல் சொல்லி வருகிறேன்.

ஊரில் யாராவது கேட்டால் 'சூரிச்' என்று சொல்லிவிடுவது வழக்கம். அதுதான் எல்லாருக்கும் தெரிந்த பேர். உண்மையில் நான் இருப்பது சூரிச் ஏரியின் மேல்பக்கத்தில், ராப்பர்ஸ்வில் என்கிற சின்ன ஊரில். ஏரிக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு பாறை. பாறை மேல் மூன்று கோபுரம் வைத்த பழைய கோட்டை. அடியில் துறவிகள் மடம், சுற்றிலும் ரோஜாத் தோட்டங்கள். ஊர்ச் சின்னத்திலேயே இரண்டு சிவப்பு ரோஜா இருக்கிறது. பார்வையில்லாதவர்கள் வாசனையிலேயே அனுபவிப்பதற்கென்று தனியாக ஒரு ரோஜாத் தோட்டம் வைத்திருக்கிறார்கள். பக்கத்து ஊரில் தறி மெஷின் செய்கிற தொழிற்சாலையில் எனக்குப் பொருத்துனர் வேலை. ராஜபாளையத்தில் நூற்பாலையில் ஃபிட்டராக இருந்தவன், அந்த வழியாக இங்கே வந்து சேர்ந்தேன்.

உண்மையைச் சொன்னால், வந்து பல வருஷம்வரை இந்தக் கோட்டையை நான் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் எத்தனை பேர் தினமும் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள்? ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் கடிகாரக் கோபுரத்தில் மணி மட்டும் பார்ப்பேன். ஊரை எனக்குக் காட்டித் தந்தது என் அக்கா. மூன்று வருஷத்துக்கு முன்னால், தொண்ணூற்றாறு கோடையில் அவள் இங்கே வந்தாள்.

2

அக்கா பேர் பேச்சியம்மாள். ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற பவர்லூம் நாலு வைத்து நடத்துகிறாள். அத்தான் இறந்த பிறகு தறியை விற்றுவிடு என்று எல்லாரும் சொன்னார்கள். "வித்துட்டு ஒங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டா இருக்கணும்?" என்று கேட்டவள். மகன் தலையெடுத்து தறியைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கியதும்தான் மூன்று மாசம் வந்து இருந்துவிட்டுப் போக ஒப்புக்கொண்டாள்.

அவளைக் கூப்பிடுவதற்கு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. அக்காவின் சாப்பாடு, மருத்துவச் செலவு, திரும்பிப் போவது எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு என்று வெளிநாட்டார் காவல் அலுவலகத்தில் உறுதிமொழி தரவேண்டும். அங்கே இருந்த அம்மாள், "உங்கள் அக்கா இங்கே என்ன செய்வார்?" என்று கேட்டார். "எங்களைத் திட்டுவார்" என்றேன். எனக்குத் தெரிந்த ஜெர்மனில் அதற்கு மேல் விளக்க முடியவில்லை. அவர் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்.

வந்து இறங்கியதும் அக்கா முதலில் தேடியது என் மகளை.

என் மகள் பேர் கோதை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து வளர்ந்த விஜயா, பெண் பிறந்தால் அந்தப் பேர்தான் என்று கல்யாணத்துக்கு முன்பே முடிவு செய்திருந்தாள். அப்போது கோதைக்குப் பன்னிரண்டு வயது. நாங்கள் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள். அந்த வருஷம் எதற்கெடுத்தாலும் கதவைச் சாத்திக்கொள்கிற வழக்கமும் வந்திருந்தது. விமான நிலையத்தில் அக்கா அவளைக் கட்டிப்பிடித்தபோது, கோதை, தெரிந்தவர்கள் யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தாள்.

"ஏட்டி, எம்புட்டு ஒசரம் வளந்துட்ட! ஒங்கப்பன் எங்கிட்டச் சொல்லவே இல்லையே" என்றாள் அக்கா. கோதை நெளிந்தாள்.

3

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஊர் சுற்றக் கிளம்பினோம். அக்காவுக்குச் சொல்லவேண்டுமே என்று நூலகத்தில் ஊர் வரலாற்றை எடுத்து, அகராதியும் கையுமாகப் படித்து வைத்திருந்தேன்.

கோட்டைச் சரிவில் வேலி போட்டு மான் வளர்க்கிறார்கள். "எதுக்குலே கோட்டையில மானு?" என்று அக்கா கேட்டாள். கதையைச் சொன்னேன்.

ஒரு பிரபு போருக்குப் போய்விட்டு வெகுநாள் கழித்துத் திரும்பி வருகிறார். அவருடைய காரியக்காரன் ஓடிவந்து, "உங்களிடம் ஒன்று சொல்லவேண்டும்" என்கிறான். பிரபு நல்ல சந்தோஷத்தில் இருக்கிறார். "எதை வேண்டுமானாலும் சொல், என் மனைவியைப் பற்றி மட்டும் கெட்டதாக ஒன்றும் சொல்லாதே" என்றுவிட்டார். அவன் சொல்ல வந்ததே அதைத்தான். எச்சிலை விழுங்கிக்கொண்டு, "ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு பாறை இருக்கிறது, கோட்டை கட்டினால் நன்றாக இருக்கும்" என்றான். மறுநாள் பிரபுவும் மனைவியும் படகில் வந்து பார்த்தார்கள். வேட்டை நாய்கள் ஒரு பெண்மானைத் துரத்திக் குகைக்குள் மடக்கின. உள்ளே இரண்டு குட்டி. பாவம், விட்டுவிடுங்கள் என்று மனைவி கெஞ்ச, நாய்களைக் கட்டச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அந்த மான் வந்து அவள் மடியில் தலை வைத்ததாம். அந்த இடத்தில் எழுந்ததுதான் கோட்டை, ஊர் எல்லாம்.

அக்கா வேலியைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். "அப்ப அந்தப் பொம்பள நல்லவளா, கெட்டவளா?"

"அது கதையில இல்லக்கா."

"மானு மடியில தல வச்சிருக்குல்லா. நல்லவதான். அந்தக் காரியக்காரப் பய கோள்மூட்டி."

எண்ணூறு வருஷத்து வழக்கை அப்படி முடித்து வைத்தாள்.

கோட்டைக்குள்ளே போலந்துக்காரர்களின் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. நாட்டை இழந்து இங்கே வந்து ஒதுங்கியவர்கள், தங்கள் ஊர்ப் பொருள்களையெல்லாம் சேர்த்து இங்கே பாதுகாத்து வைத்தார்களாம். அவர்களுடைய தலைவர் ஒருவரின் இதயம்கூடக் கொஞ்ச காலம் இங்கே இருந்து, நாடு கிடைத்த பிறகு ஊருக்குப் போனது. அக்கா ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"நீ என்னலே வச்சிருக்க, நம்ம ஊருச் சாமான்?"

"இட்லிக் கொப்பரை இருக்கு."

"அது நான் குடுத்துவிட்டதுல்லா" என்றாள் பெருமையாக.

நகர மண்டபத்தையும் காட்டினேன். கார்னிவல் செவ்வாய்க்கிழமை அன்று, ஊர்ப் பெரியவர்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "என் பிள்ளைகள் எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்பார்கள். சதுக்கத்தில் கூடியிருக்கிற பிள்ளைகள் "ஆமா, ஆமா!" என்று கத்தும். மேலேயிருந்து ரொட்டியும் பண்டமும் மழையாக விழும். கோதை சின்னப் பிள்ளையாக இருந்தபோது என் தோளில் உட்கார்ந்து ஒரு ரொட்டியைப் பிடித்திருக்கிறாள். "சோத்த எறியக் கூடாதுலே, தப்பு" என்றாள் அக்கா. பிறகு, "ஆனா எல்லாரும் வந்தாச்சான்னு கேக்காகளே, அது நல்லாருக்கு" என்றாள்.

ராப்பர்ஸ்வில்லில் ஒரு பெரிய சர்க்கஸ் கம்பெனிக்கு இடம் இருக்கிறது. அங்கே பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு யானை சுற்றும். "ஏலே, நெத்தியில ஒரு நாமம் இல்ல, பட்டை இல்ல, மூளியா நிக்கி" என்று வருத்தப்பட்டாள். கையில் இருந்த குங்குமப் பொட்டலத்தோடு அவள் கிட்டே போவதற்குள் நான் தடுத்துவிட்டேன்.

ஆனால் இந்த ஊரில் அக்காவை எல்லாவற்றையும்விட அசத்தியது வேறு. ஏரிக்கரை நெடுகிலும் பச்சைப் பெட்டி வைத்து, நாய் அசிங்கம் செய்தால் அள்ளிப் போட பை வைத்திருக்கிறார்கள். கோட் போட்ட கனவான் ஒருவர் குனிந்து அள்ளுவதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். அன்றைக்கு ராத்திரி சத்திரப்பட்டிக்குப் போன் போட்டு மகனிடம் முதலில் சொன்னது கோட்டையைப் பற்றி அல்ல, அதைப் பற்றித்தான்.

4

பகலில் விஜயா முதியோர் இல்லத்துச் சமையலறைக்கு வேலைக்குப் போய்விடுவாள். நான் தொழிற்சாலைக்கு. கோதைக்குக் கோடை விடுமுறை. அத்தையைத் தனியாக விடக்கூடாது என்று அவளுக்கு உத்தரவு. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கூடப் போனாள். போகப் போக இரண்டு பேரும் திரும்பி வர நேரமாகத் தொடங்கியது. என்ன பாஷையில் பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. கேட்டால் அக்கா, "நாங்க ஆயிரம் பேசுவோம்" என்பாள்.

விடுமுறை முடிந்ததும் கோதை உயர்நிலைப் பள்ளிக்குப் போகவேண்டும். புதுப் பள்ளியிலிருந்து ஒரு படிவம் வந்திருந்தது. அதில் பேருக்குக் கீழே 'கூப்பிடுகிற பேர்' என்று ஒரு கட்டம். ஒரு சனிக்கிழமை காலையில் நான் அதை நிரப்ப உட்கார்ந்தபோது கோதை வந்து பக்கத்தில் நின்றாள்.

"அப்பா, அதுல காத்யான்னு எழுது."

"அது யாரு?"

"நான்தான்."

எனக்குச் சுருக்கென்றது. ஆண்டாள் பேர் என்றேன். அம்மா ஆசையாக வைத்தது என்றேன். ஊரில் எத்தனை பேர் இந்தப் பேருக்குத் தவம் கிடக்கிறார்கள் என்றேன். குரல் உயர்ந்துகொண்டே போனது எனக்கே தெரிந்தது. "ஏன் மாத்தணும்? காரணத்தைச் சொல்லு" என்றேன். அவள் அம்மா இருந்த பக்கம் ஒருதரம் பார்த்தாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். விஜயா கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

அக்கா இவ்வளவையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு கோதையின் பழைய ஸ்போர்ட்ஸ் ஷூவை மாட்டிக்கொண்டு, "செத்த நேரம் ஏரியப் பாத்துட்டு வாரேன்" என்று இறங்கிப் போனாள்.

மத்தியானம் ஆகியும் வரவில்லை.

5

முதலில் கரையெல்லாம் பார்த்தேன். ரோஜாத் தோட்டம், மான் வேலி, மடத்து வாசல், ரயில்நிலையம். மஞ்சள் சுங்குடிச் சேலையும் வெள்ளை ஷூவுமாக ஒருத்தி கண்ணில் படாமல் போக முடியாது. ஆனால் எங்கேயும் இல்லை. நான் கத்தியது பிடிக்காமல் எழுந்து போயிருப்பாளோ? வீட்டுக்கு ஓடிவந்து கோதையின் கதவைத் தட்டினேன்.

"அத்தையக் காணோம்."

அவள் முகம் மாறியது. ஷூவைக்கூடச் சரியாகக் கட்டாமல் என்னோடு ஓடிவந்தாள்.

காவல் நிலையத்தில் என் ஜெர்மன் மொத்தமும் காலை வாரிவிட்டது. தறி மெஷினைப் பற்றிக் கேட்டால் மணிக்கணக்கில் பேசுவேன். 'என் அக்கா வழி தவறிவிட்டார்' என்று சொல்ல வந்தவன், அவசரத்தில் 'என்ட்லாஃபன்' என்றுவிட்டேன். நாய், பூனை வீட்டைவிட்டு ஓடிப்போனால் மரத்தில் நோட்டீஸ் ஒட்டுவார்களே, அந்த வார்த்தை. மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்தார்.

"அப்பா, நான் பேசுறேன்" என்று கோதை முன்னால் வந்தாள். ஊர்ப் பேச்சு வழக்கிலேயே மளமளவென்று சொன்னாள். அத்தையின் உயரம், சேலை நிறம், தெரிந்த வார்த்தைகள், தெரியாத வார்த்தைகள். தமிழ் என்றதும் அதிகாரி, இலங்கை அகதியா என்று கேட்க, இல்லை, விருந்தாளி என்று விசா விவரம்வரை சொன்னாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். இந்தப் பிள்ளைக்கு இவ்வளவு பேச வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் ஜெர்மனிலேயே சொன்னாள்: "அப்பா, அத்தை தினமும் அணைக்கிட்ட உக்காந்து நடக்குறவங்களப் பாப்பாங்க. அங்க கேக்கலாம்."

ஏரியின் குறுக்கே இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஒரு நீண்ட அணை போட்டிருக்கிறார்கள். அதன் மேல் ரயிலும் சாலையும் போகின்றன. அணை வருவதற்கு முன்னால் பல நூறு வருஷம் அங்கே மரப்பாலம் இருந்தது. அக்கரை மலையைத் தாண்டினால் ஐன்சீடெல்ன் என்ற ஊரில் ஒரு கறுப்பு மாதா கோயில். அந்தக் காலத்திலிருந்தே முதுகில் பையும் கையில் கம்புமாக யாத்திரைக்காரர்கள் இந்த வழியாகத்தான் நடந்து போகிறார்கள். அணைப் பக்கம் படகு வாடகைக்கு விடுகிறவரிடம் கோதை கேட்டாள். அவர் சிரித்துவிட்டார்.

"மஞ்சள் துணி கட்டின அம்மாதானே? காலையிலேயே யாத்திரைக்காரர்களோடு அக்கரைக்குப் போயாச்சு. நல்ல வேகம்."

மலையேறி இறங்க முழுசாக அரை நாள் நடை. கோதை என் கையைப் பிடித்து இழுத்தாள். ரயில்நிலையத்துக் கூண்டிலிருந்து விஜயாவுக்குப் போன் போட்டுவிட்டு ஐன்சீடெல்ன் ரயிலைப் பிடித்தோம். அணை மேல் ரயில் போகும்போது இரண்டு பக்கமும் தண்ணீர். நான் ஒரு ஜன்னல், அவள் ஒரு ஜன்னல். வழி முழுக்க அவள் நகத்தைக் கடித்துக்கொண்டே வந்தாள்.

6

கோயிலுக்கு முன்னால் பெரிய சதுக்கம். நடுவில் தங்க முலாம் பூசிய மாதா சிலையோடு ஒரு நீரூற்று. அதைச் சுற்றிப் பதினாலு குழாய். எந்தக் குழாயில் மாதா குடித்தாள் என்று தெரியாததால், வருகிறவர்கள் பதினாலிலும் ஒரு வாய் குடித்துவிடுவது வழக்கமாம்.

அக்கா அங்கேதான் இருந்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குழாய்க்குக் குழாய் நகர்ந்து, கையில் ஏந்திக் குடித்துக்கொண்டிருந்தாள். பின்னாலேயே நரைமுடி வெட்டிய ஒரு வெள்ளைக்கார அம்மாள், ஒரு கால் ஷூவின் பின்பக்கத்தை மிதித்துக்கொண்டு, அதே மாதிரி குடித்துக்கொண்டு வந்தார்.

"அத்தை!" என்று கோதை ஓடினாள். ஓடிப்போய் கட்டிக்கொண்டு அழுதாள். சதுக்கம் நிறைய ஆட்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை.

"என்னட்டி, என்ன? நான் எங்க போயிட்டேன்? கோயிலுக்குத்தான வந்தேன்" என்றாள் அக்கா. என்னைப் பார்த்து, "ஏலே, இவ ரோசம்மா" என்று அறிமுகப்படுத்தினாள். அந்த அம்மாளின் பேர் ரோஸ்மாரி. எல்லைப் பக்கத்து ஊரில் ரொட்டிக்கடை வைத்திருந்தவர். அணைப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்து குதிகால் புண்ணைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அக்கா அவர் பையிலிருந்த பேண்டேஜைப் பிடுங்கி, "நெருக்கம் பத்தாத துணி" என்று குறை சொல்லிக்கொண்டே அவிழாமல் கட்டிவிட்டிருக்கிறாள். அவர் வா என்று கையைக் காட்டியிருக்கிறார்.

"கோயிலுக்குப் போறவ கூப்பிட்டா, வரலன்னு சொல்லலாமாலே? நம்ம வில்லிபுத்தூருப் பக்கத்துத் திருவண்ணாமலைக்கு, புரட்டாசிச் சனிக்கெழம பெருமாளப் பாக்க நடக்கமாட்டோமா? அம்புட்டுத் தூரம்னுதான் நெனச்சேன். பொறவு பாத்தா மல போகுது போகுது, போயிக்கிட்டே இருக்கு."

எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கோதை ரோஸ்மாரியோடு பேச ஒதுங்கியதும் அக்கா என்னைப் பெஞ்சில் உட்கார வைத்தாள்.

"அந்தப் பிள்ள பேருக்கு இவிய பாஷையில என்ன அர்த்தம்னு தெரியுமாலே ஒனக்கு?"

"கோதைக்கா? மாலைன்னு..."

"அது நம்ம பாஷையில. நாய்ப் பெட்டி இருக்குல்லா, பச்சப் பெட்டி. அதுல என்னட்டி எழுதியிருக்குன்னு கேட்டேன். வாசிக்கமாட்டேன்னா. விடாமக் கேக்கவும் அழுதுட்டா."

கோட். அந்தப் பெட்டியில் எழுதியிருப்பது அதுதான், மலம். கார் மட்கார்டுக்கு இங்கே கோட்ஃப்ளூகல் என்பார்கள். அந்த வார்த்தைக்குச் சேறு என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஹாய் என்றால் சுறாமீன். இரண்டையும் சேர்த்து, இவர்கள் எழுத்தில் எங்கள் பிள்ளை பேரை மனசுக்குள் எழுதிப் பார்த்தேன்.

"பீ-சுறான்னு கூப்பிடுதானுகளாம். போர்டுல மீனு படம் வேற போடுதானுகளாம். ஒண்ணாப்புல இருந்து. அம்மாகிட்டச் சொன்னா அவ ஊருச் சாமி பேரு, அழுவான்னு இவ சொல்லல."

காலையில் காரணம் கேட்டபோது அவள் ஏன் அம்மா பக்கம் பார்த்தாள் என்பது இப்போது விளங்கியது.

"பேரு எதுக்குலே? கூப்பிட்டா திரும்பிப் பாக்கத்தான. அந்தப் பிள்ள காதப் பொத்துதா. எழுதிக் குடு. வீட்டுல நாம கூப்பிடுத பேர எவன் எடுக்கப் போறான்?"

சாயங்காலம் மணி அடித்தது. நாலு பேரும் உள்ளே போனோம். கறுப்புச் சலவைக்கல்லில் சின்னதாக ஒரு கோயில், பெரிய கோயிலுக்குள்ளே. அதில் மாதா, கையில் குழந்தையோடு. முகம் நல்ல கறுப்பு. சரிகை போட்ட பட்டு உடுத்தியிருந்தாள். அவளுக்கென்று ஏகப்பட்ட உடுப்பு இருக்கிறதென்றும், நாளுக்குத் தகுந்தாற்போல் மாற்றுவார்கள் என்றும் ரோஸ்மாரி சொல்ல, கோதை தட்டுத்தடுமாறித் தமிழில் சொன்னாள். துறவிகள் வரிசையாக வந்து நின்று பாடினார்கள். அக்கா கைகூப்பி, கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஏன்டி இம்புட்டுக் கறுப்பா இருக்கா?"

கோதை ரோஸ்மாரியிடம் கேட்டுவிட்டு வந்தாள். "அத்தை, முதல்ல மெழுகுவர்த்திப் புகை. ஒரு தடவ, ரொம்ப முன்னாடி, ஒருத்தர் கிளீன் பண்ணி வெள்ளை ஆக்கிட்டார். எல்லாரும் வேணாம் சொன்னாங்க. இது நம்ம மாதா இல்ல சொன்னாங்க. அதனால திரும்பக் கறுப்பு பெயின்ட்."

"பெயின்ட் அடிச்சா கறுப்பாக்குனாக!" அக்கா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கோதையும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். நான் மட்டும் தலையைக் குனிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்து விஜயாவிடம் சொன்னபோது, அவள் அழுதாள்தான். ஆனால் பேருக்காக அழவில்லை. "ஒண்ணாப்புல இருந்தா? தனியாவா?" என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு படிவத்தை எடுத்து, அந்தக் கட்டத்தில் காத்யா என்று அவளே எழுதினாள். எழுதிவிட்டு, "ஏட்டி கோதை, சாப்பிட வா" என்று கூப்பிட்டாள். அந்தப் பக்கமிருந்து "வரேம்மா" என்று குரல் வந்தது.

7

இதெல்லாம் நடந்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. புதுப் பள்ளியில் அவள் காத்யா. சிநேகிதிகள் வீட்டுக்கு வருகிறார்கள், இட்லி சாப்பிடுகிறார்கள். கதவு இன்னும் சாத்தப்படுகிறது, அது வயசு. நான் வருஷத்துக்கு ஒருதரம் அணையைத் தாண்டி மலையேறி நடக்கிறேன். அக்காவின் வேகம் எனக்கு இல்லை.

ரோஸ்மாரி அக்காவை விடவில்லை. அக்கா ஊருக்குத் திரும்பும் முன் இரண்டு தடவை ரொட்டியோடு வந்து பார்த்தார். உன் கோயிலுக்கு நானும் நடக்கவேண்டும் என்று அப்போதே கேட்டிருந்தார். இந்தப் புரட்டாசிக்கு, பள்ளி விடுமுறையில், கோதை அவரைக் கூட்டிக்கொண்டு ராஜபாளையம் போயிருக்கிறாள். நாங்கள் இல்லாமல் அவள் போவது இதுதான் முதல் தடவை. விஜயா பத்து நாளாகத் தூங்கவில்லை.

நேற்று போன் வந்தது. சனிக்கிழமை மூன்று பேரும் திருவண்ணாமலை ஏறியிருக்கிறார்கள். அக்கா முதலில் பேசினாள்: "ரோசம்மா படியேறுதா, எனக்குத்தான்லே மூச்சு வாங்குது." பின்னால் தறிச் சத்தம் கேட்டது. அப்புறம் கோதை வாங்கினாள். சாப்பிட்டாயா, தண்ணியைக் காய்ச்சிக் குடிக்கிறாயா என்று நான் கேட்கத் தொடங்கினேன்.

"அப்பா, இப்ப நேரமில்ல. அத்தை கூப்பிடுதாக. வத்திராயிருப்பு பஸ் போயிரும். பொறவு பேசுதேன்" என்று வைத்துவிட்டாள்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"என்னங்க, என்ன சொன்னா?" என்று விஜயா சமையலறையிலிருந்து கேட்டாள்.

"பொறவு பேசுதாளாம்."

விஜயா கரண்டியோடு வெளியே வந்து என்னைப் பார்த்தாள். "எப்படிச் சொன்னா? இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள்.